இரைச்சல் என்று எழுதியது

அட்டைக்கு முப்பத்திரண்டு மூளை என்றால்
அறிவியல் தினத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் கத்துவார்கள்.
முடிச்சுகள்தான்.
நூலில் கோத்த கடுகு போல வயிற்றோரம் நெடுக.
ஐந்திலும் ஆறிலும் அணுக்கூட்டம் அதிகம், தொடமாட்டேன்.
பத்தாவது எனக்குப் பழக்கம்.

கொழிஞ்சாம்பாறைக் குளத்தில்
முழங்கால் வரை இறங்கி நிற்பார் ஆறுச்சாமி.
காலில் ஏறியதை எண்ணிப் பாட்டிலில் போடுவார்.
ஒன்று பன்னிரண்டு ரூபாய்.
ரசீதில் கையெழுத்துப் போடுமுன்
என் அடையாள அட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்து
"அட்டைக்கு அட்டை, கணக்குச் சரி" என்பார்.

வாளையார் சோதனைச்சாவடிக்குப் பின்னால் எங்கள் துறை.
நரம்பணு ஆய்வுக்கு இதைவிட மோசமான இடம்
இரண்டு மாநிலத்திலும் கிடையாது.
மேசைக்கு அடியில் ஸ்கூட்டர் டியூப் நான்கு,
மேலே கோழிவலைக் கூண்டு,
மின்விசிறி நிறுத்தம், பேச்சு நிறுத்தம்,
மூச்சையும் பாதிதான் விடுவேன்.
கண்ணாடி ஊசியின் முனை கண்ணுக்குத் தெரியாது,
உடைந்தால்தான் தெரியும்.
உடைந்ததற்கெல்லாம் சுவரில் பென்சில் கோடு:
முதல் வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு.

இரண்டாம் வருடம் அது கிடைத்தது.
நள்ளிரவு தாண்டினால் அந்த ஒற்றை அணு
கொத்துக் கொத்தாய்த் துடிக்கும்.
நாலு மணிக்கு அடங்கும்.
பகலில் கேட்டால் பேசாது.
அட்டைக்குள் ஒரு கடிகாரம் என்று எழுதினேன்.
ஏலியாம்மா மேடம் இரண்டு முறை படித்துவிட்டு
"அனுப்பு" என்றார்.
பெங்களூரில் அந்தப் போஸ்டருக்கு முன்
மூன்று பேர் நின்றார்கள், ஒருவர் போட்டோ எடுத்தார்.

பிறகு அந்த ஜூலை.
நாட்டுக்கெல்லாம் ஒரே வரி என்றார்கள், சாவடியை மூடினார்கள்.
இரவானால் மூன்று கிலோமீட்டர் நின்ற லாரி வரிசை
ஒரே ராத்திரியில் கரைந்தது.
கட்டஞ்சாயா விற்ற ஹனீபா ராவுத்தர்
அடுப்பைத் தூக்கிக்கொண்டு கஞ்சிக்கோட்டுக்குப் போனார்.
என் திரையிலும் ஒரே வரி,
மேடு பள்ளம் இல்லாமல்.

ஊசி மாற்றினேன். எர்த் கம்பி மாற்றினேன்.
ஆறுச்சாமியிடம் புது அட்டை, வேறு குளத்து அட்டை.
பதினோராம் இரவு,
கொல்லங்கோட்டிலிருந்து இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்த சுபைதா
கொட்டாவிக்கு நடுவில் கேட்டாள்:
"சேச்சி, அந்த லாரியெல்லாம் எங்கே போச்சு?"

மேடம் திட்டவில்லை. ஒரு சிவப்புப் பேனா தந்தார்.
பக்கம் பக்கமாய் ஓரத்தில்
என் கையாலேயே எழுதினேன்: இரைச்சல், இரைச்சல்.
முப்பத்தொன்றாம் பக்கத்தில் பேனா நின்றது.
என் எழுத்துத்தான். லாரி நின்ற இரவு, இரண்டு மணி:
"ஊசி வெறும் உப்புநீரில். கோடு அமைதி."

அப்படியானால் ஊசி ஆடவில்லை.
ஒரு துண்டுத் தோலோடு நரம்பை விட்டு வைத்திருந்தேன்.
எருமை குளத்தில் கால் வைத்தால்
அக்கரையில் அட்டை விழிக்கும், ஆறுச்சாமி சொல்லியிருக்கிறார்.
டைல்ஸ் ஏற்றிச் சீட்டுக்கு நின்ற
அத்தனை எஞ்சினையும்
ஒருவேளை அது எருமை என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.
மேடம் 'ஒருவேளை'யை அடித்துவிட்டு
பக்கத்தில் "காட்டு" என்று எழுதினார்.

காட்ட லாரி வேண்டும்.
சுபைதாவின் மாமாவுடைய செங்கல் லாரி,
டீசல் என் உதவித்தொகையில்.
ஜன்னலுக்குக் கீழே உறுமிக்கொண்டு நிற்கிறது.
காவலாளி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டார்.
இன்றைக்கு ஊசி சுபைதாவின் கையில்.
பத்தாவது முடிச்சு, இடப்பக்கம், மெதுவாக
என்று நான் சொல்லி முடிக்குமுன் ஒரு சின்னச் சத்தம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
பென்சிலைத் தேடி எடுத்து
சுவரில் என் கோடுகளுக்குச் சற்றுத் தள்ளி
தனக்கென்று முதல் கோடு போட்டாள்.
கீழே அவள் மாமா ஹாரன் அடித்தார்: ஆச்சா?